மப்பாவுக்கும் தேர்வு

செவ்வாய்க் குடியிருப்பில் காலையில் பல் துலக்குவதற்கு முன் காதைச் சரிசெய்துகொள்வார்கள். அருளப்பனும் செய்துகொண்டார். காற்றாடி இரைச்சல்: வேண்டாம். மேலாளர் குரல்: முழுவதும். மகள் குரல்: திருத்திச் சுருக்கு.

காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்த பயறளவுக் கருவி அது. பெயர் செவிவடி. தேநீரை வடிப்பதுபோலப் பேச்சை வடித்தது. இரைச்சல், இழுவை, பிழை எல்லாம் மேலே தங்கிவிடும். தேவையானது இனிய குரலில் உள்ளே இறங்கும். நிலத்தடியில் பன்னிரண்டு ராட்சதக் காற்றாடிகளோடு வாழ்கிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது.

அவருடைய மகள் ஜெசிந்தாவுக்கு மட்டும் அது இன்னும் பொருத்தப்படவில்லை. எட்டு வயது. காதில் குறையில்லை. கேட்ட ஒலிகளைப் பிரித்து அடுக்குவதில் மூளைக்குச் சிக்கல். இரைச்சலில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஒலி பிரியாததால் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வரவில்லை. இப்போதே செவிவடி வைத்தால் மூளை அதைக் கற்காமலே போய்விடும் என்பதால் விதி அனுமதிக்கவில்லை.

அன்று தேர்வு. தேறினால் மேல்தளத்தில் மூன்றாம் வகுப்பு. இல்லையென்றால் அவள் தோழி பர்வீன் மட்டும் மேலே போவாள்.

எட்டு மாதமாக வீட்டில் தினம் பத்து நிமிடப் பயிற்சி. அப்பா ஒரு சொல் சொல்வார். ஜெசிந்தா அவர் தொண்டையில் விரல் வைத்து அதிர்வைப் பார்ப்பாள். ஒலிக்கொரு பொத்தானாக மேசையில் அடுக்குவாள். முதல் பொத்தானை மாற்றிவைத்துப் புதிய சொல்லைச் சொல்வாள்.

"அருமைடா செல்லம்" என்பார் அருளப்பன். ஒரு நாளும் அவள் தவறியதில்லை. முதல் மாதப் பள்ளி அறிக்கை மட்டும் ஏன் அவ்வளவு மோசமாக இருந்தது என்பது அவருக்குப் புரியவில்லை. அடுத்த அறிக்கைகளை அவர் திறக்கவில்லை.

தேர்வறையில் தேர்வு நடத்தும் இயந்திரமான தேர்வி காத்திருந்தது. மூன்று கால்கள், ஒரு கண், மிகப் பணிவான குரல்.

"செவிவடியை அணைத்துவிடுங்கள், ஐயா."

"எனக்கெதுக்கு? பரீட்சை பாப்பாவுக்குத்தானே?"

"விதி, ஐயா."

அணைத்தார். பன்னிரண்டு காற்றாடிகளும் ஒன்றாக அலறின. அருளப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டில் செய்வதையே செய்யுங்கள்" என்றது தேர்வி.

"பால்" என்று கத்தினார். ஜெசிந்தாவின் விரல் அவர் தொண்டையில் இருந்தது. மூன்று பொத்தான்கள் வைத்தாள். முதல் பொத்தானை எடுத்துவிட்டுச் சிவப்பு ஒன்றை வைத்தாள்.

"மால். மப்பா, மரீட்சை முடிஞ்சதும் மோசை மாங்கி மா."

அருளப்பன் அவள் பக்கம் குனிந்தார். "என்னம்மா உளர்ற? வீட்டுல நல்லாத்தானே சொல்லுவ?"

"வீட்டுலயும் இப்படித்தாம்ப்பா."

"எப்பலேர்ந்து?"

"மொத மாசம் நெஜமாவே தப்புத் தப்பாத்தான் சொன்னேன். நீங்க அருமைன்னீங்க. இன்னும் தப்பாச் சொன்னா என்ன சொல்வீங்கன்னு பார்த்தேன். அதுக்கும் அருமைன்னீங்க. அப்புறம் தினம் ஒரு எழுத்து. ஒரு நாள் பூரா உங்களக் கப்பான்னு கூப்பிட்டேன். 'வரேம்மா'ன்னுட்டு வந்தீங்க."

அவள் சொன்ன ஒவ்வொன்றையும் செவிவடி சரிசெய்தே அவருக்குக் கொடுத்திருந்தது.

தேர்வியின் கண் விரிந்தது. "உயிரைத் தொடாமல் மெய்யை மட்டும் மாற்றுகிறாள். எல்லாச் சொல்லிலும். எங்கள் பாடத்திட்டம் இவ்வளவு தூரம் போவதில்லை."

வாசிப்பு அட்டையை நீட்டியது. ஜெசிந்தா வரிக்கு அடியில் விரல் ஓட்டி மெதுவாகப் படித்தாள். "சிவப்பு மண்ணில் முதல் வெண்டைக்காய் காய்த்தது." பிறகு யாரும் கேட்காமலே, "னிவப்பு னண்ணில் னுதல் னெண்டைக்காய் னாய்த்தது" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பின் முடிவில் பன்றிக்குட்டியைப்போல ஒரு சின்ன உறுமல். இரைச்சல் என்று செவிவடி அதை இத்தனை நாளும் வடித்துவிட்டிருந்தது. அருளப்பனுக்கும் சிரிப்பு வந்தது.

"தேறினாள். செவிவடி இன்றே பொருத்தலாம்" என்றது தேர்வி.

"மேணாம்" என்றாள் ஜெசிந்தா. "பர்வீன் கூடப் போறேன்ல, அது போதும்."

தேர்வி அருளப்பன் பக்கம் திரும்பியது. "அடுத்து நீங்கள். சற்றுமுன் மகள் உங்களிடம் என்ன கேட்டாள்?"

"பால்."

"தோசைப்பா."

"கேட்டல் குறைபாடு" என்று தேர்வி பதிந்துகொண்டது. "தினம் பத்து நிமிடம் பயிற்சி, செவிவடி இல்லாமல். பயிற்றுநர் ஜெசிந்தா."

"இந்தக் கருவியாலதானே இப்படி ஆச்சு?" என்றார் அருளப்பன், சற்று நம்பிக்கையோடு.

தேர்வி பழைய ஆவணங்களைத் துழாவியது. "இல்லை, ஐயா. செவிவடி வருவதற்கு நெடுங்காலம் முன்பே பூமியில் இது இருந்திருக்கிறது. குழந்தை பேசும்போது பெரியவர்கள் கையில் ஒரு கண்ணாடிப் பலகையைப் பார்த்துக்கொண்டு 'ம்' என்பார்களாம்."

"ம்" என்றார் அருளப்பன்.

ஜெசிந்தா அவர் தொண்டையில் விரல் வைத்தாள். மேசையில் ஒரே ஒரு பொத்தானை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மப்பா, இப்ப கேட்டுட்டுச் சொல்லுங்க."