பிஞ்சு இருக்கும் திசை

சுரைக்கொடியின் சுருள் ஒன்று சுருளாமல் இருந்தது.

காலையில் தண்ணீர் விடும்போது கிருஷ்ணப்பிரியா அதைக் கவனித்தாள். கைக்கெட்டும் தூரத்தில் பந்தல் கயிறு இருந்தும் அதைப் பற்றிக்கொள்ளாமல், ஈர்க்குச்சி போல விறைத்து, காற்றிலும் ஆடாமல், அது ஒரு பிஞ்சை நோக்கி நீண்டிருந்தது. மறுநாள் அந்தப் பிஞ்சின் நுனி மஞ்சளாகி, பின் கறுத்து, தொட்டதும் வெந்த கிழங்கு போலக் குழைந்தது. வெல்லமும் சாக்கடையும் கலந்த ஒரு வாடை அவள் தொண்டைவரை இறங்கியது.

டாக்டர் எங்கும் அலையக் கூடாது என்று சொன்ன பிறகு, அண்ணனூரில் ரயில் பணிமனையை ஒட்டிய அந்த வீட்டில் அவள் பொழுதுபோக்க வைத்த தோட்டம் அது. வயிற்றில் இருப்பதற்கு இது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. கத்தரி காய்த்திருந்தது, கொய்யா பூவிட்டிருந்தது. சித்திரை வெயில் ஏற ஏறப் பந்தல் மட்டும் இருட்டாகத் தழைத்துக்கொண்டே போனது.

பக்கத்து வீட்டு எல்லம்மா மதில்மேல் கையூன்றி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே, பிஞ்செல்லாம் இப்டி அழுகிக் கெடக்குது? எவன்னா வெரல நீட்டிக் காட்னானா?"

"யாரும் இல்லக்கா."

"உன் ஊட்டுக்காரு போன்ல யாருக்கோ 'இத பாரு, அத பாரு'ன்னு காட்டிகினு இருந்தாரே, நான் பாக்கலியா? பிஞ்ச சுட்டிக் காட்னா அழுகிப்பூடும். அதுகூடத் தெரியல, இஞ்சினியராம்!" எல்லம்மா சிரித்தாள். "காட்டித்தான் ஆவணும்னா வெரல மடக்கிக் காட்டச் சொல்லு."

கணவன் மோகனிடம் சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவள் அன்றிலிருந்து விரலை மடக்கியே காட்டினாள்.

கொடி மடக்கவில்லை. விடியும்போதெல்லாம் பீர்க்கிலும் பாகலிலும் இன்னும் சில சுருள்கள் விறைத்திருந்தன. அவை எதைக் காட்டினவோ அது அழுகியது. ஈ மொய்த்த பிஞ்சுகளை அவள் முறத்தில் வாரிக் குழி தோண்டிப் புதைத்தாள். கடைசியில் பந்தலில் ஒரு பிஞ்சும் மிஞ்சவில்லை.

அன்று மதியம் துணி எடுக்கப் போனாள். பணிமனையில் இரும்பு உரசும் சத்தம் நின்றுபோயிருந்தது. காகம்கூட இல்லை. சூடேறிய மண்ணிலிருந்து புதைத்தவற்றின் வாடை மேலெழுந்து வந்தது. பந்தலடியில் நிழல் ஈரமாகக் காலில் ஒட்டியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

எல்லாச் சுருள்களும் நேராக நின்றன. எல்லாம் கீழ்நோக்கி. அவளை நோக்கி.

முகத்தை அல்ல.

அவள் கிணற்றுப் பக்கம் நகர்ந்தாள். இலைகள் அசையவில்லை. சுருள்கள் மட்டும் திரும்பின.

உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டாள். மோகனைப் போனில் அழைத்தாள்.

"என்னையே காட்டுதுங்க..."

"யாரு? யாரு வந்தா?"

அவள் கதவின் தாழை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"வெயில்ல நின்னியா பிரியா? படுத்துக்க. இதோ கெளம்பிட்டேன்."

படுக்கையறை ஜன்னல் கம்பிகளுக்கு இடையே பச்சையாக ஏதோ நீண்டிருந்தது. சமையலறை ஜன்னலிலும். அவள் பூஜை அறைக்குள் புகுந்தாள். அதற்கு மட்டும்தான் ஜன்னல் இல்லை. கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

இருட்டு. கற்பூர வாசனை. தன் மூச்சு.

எதுவும் அவளைப் பார்க்கவில்லை.

இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்தினாள். உள்ளே மெல்ல ஓர் அசைவு. இருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் வலது கை உறுத்தியது. விரல்கள் மடங்கியிருந்தன. ஒன்றைத் தவிர.

ஆள்காட்டி விரல்.

மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. இடது கையால் அழுத்தினாள். மூங்கில் போல் விறைத்திருந்தது. வலி இல்லை. கையைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் ஒளிக்க நினைத்தாள். கை வரவில்லை.

விரல் தானாகத் திரும்பியது. மெதுவாக. வயிற்றின் பக்கம்.

உள்ளே குழந்தை சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கியது.

விரலும் இடப்பக்கம் திரும்பியது.