சந்தன நிறப் புடவை

புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கட்டிலின் மேலேயே வைத்துவிட்டாள் ஃப்ளோரா. அடுப்பில் இட்லிப் பானை கொதித்தது. அதைவிட அதிகமாகக் கொதித்தாள் அவள் நாத்தனார் ஆன்சி.

"இன்னா அண்ணி இது! வண்ணாரப்பேட்டையில கடை கடையா ஏறி எறங்கி வாங்கியாந்தேன்... நாளைக்கு ஜோவுக்கு ஞானஸ்நானம். நீதான் ஞானத்தாய்னு ஊர் பூரா சொல்லி வச்சிக்கீறேன். இப்ப வந்து மாட்டேங்கிறியே!"

"வேற யாரையாச்சும் நிக்க வை கண்ணு. என்னால முடியாது."

"என் புள்ளைய கையில ஏந்திக்கினு கொஞ்ச நேரம் நிக்க உனக்குக் கசக்குதா?"

ஃப்ளோரா எதைச் சொல்வாள், எப்படிச் சொல்வாள்!

பதினைந்து வயதில் வில்சனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ராயபுரத்து வீட்டுக்கு வந்தவள். பத்தொன்பது முடிவதற்குள் மூன்று பிள்ளைகள். மாமியார் கண்ணை மூடியதும் பாவாடை கட்டிய சிறுமி ஆன்சியும் அவள் பொறுப்பானாள். கடைசிப் பிரசவத்தில் படுத்தது ஒரு வாரம்தான். உடனே தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். அன்றிலிருந்து அடிவயிறு கீழே இறங்குவது போலவே இருக்கிறது. இருமினால், கனம் தூக்கினால், ஏன், வாய்விட்டுச் சிரித்தால்கூடச் சிறுநீர் கசிந்துவிடும். அதனால்தான் எப்போதும் அடர் நிறப் புடவை, கோவிலில் கடைசி வரிசை. வெளியே கிளம்பும் நாளில் ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. வில்சனிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு என்ன நோவு என்று கேட்கிற பழக்கம் நம் ஆண்களுக்கு ஏது?

"எனக்குத் தெரியும்!" ஆன்சியின் குரல் உடைந்தது. "உனக்குப் பொறாமை! பதினாறு வயசுல எனக்கு வந்த சம்பந்தத்தையும் நீதானே அண்ணங்கிட்ட சண்ட போட்டு வெரட்டுன? நான் நல்லா கீறது உனக்குப் பொறுக்கல!"

அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. இந்தக் கலவரத்தில் சட்னிக்குப் போட்டிருந்த மிளகாய் வாணலியில் கருகிவிட, நெடி ஏறி இருவரும் இருமினார்கள். ஃப்ளோரா சட்டென்று கதவைப் பிடித்து, கால்களை இறுக்கிக்கொண்டு, கண் மூடி நின்றாள்.

ஆன்சி அப்படியே நின்றுவிட்டாள். ஜோ பிறந்த புதிதில் அவளும் இப்படித்தான் நின்றிருக்கிறாள்!

"அண்ணி... இது உனக்கு எத்தினி நாளா கீது?"

"கடைசிப் புள்ள பொறந்ததுலேர்ந்து..."

"எனக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. அதுக்கே நர்சம்மா பயிற்சியெல்லாம் சொல்லிக் குடுத்து சரி பண்ணாங்க. நீ ஏன் யாருக்கும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க கண்ணு? பொம்பளன்னா இப்பிடித்தான்னு இருந்துட்டேன். ஆனா பதினாறு வயசுல உன்னையும் அனுப்பி, இந்தப் பாட்டைப் பட வுட எனக்கு மனசு வரல... அதான் சண்ட போட்டேன்!"

"அண்ணீ!" ஆன்சி அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். "பாவி நான்... இன்னா வார்த்த சொல்லிட்டேன்!"

காசிமேட்டிலிருந்து மீன் பையோடு வந்த வில்சன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். உள்ளே வந்து அடுப்பை அணைத்தான்.

"பாதர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றான், மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியாமல். "ஞானஸ்நானம் அப்பால வச்சிக்கலாம். மொதல்ல ஆஸ்பத்திரி... கெளம்பு ஃப்ளோரா."

ஆபரேஷன் முடிந்து, ஈஸ்டரும் கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கிளம்பும்போது ஒரு சொம்புத் தண்ணீரை ஆசை தீரக் குடித்தாள் ஃப்ளோரா. உடம்பில் சந்தன நிறப் புடவை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஞானஸ்நானத் தொட்டியருகே ஆன்சியே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, பிள்ளையை அண்ணி மடியில் கிடத்தினாள். அவசரத்தில் டயப்பர் கட்ட மறந்திருந்தாள்.

குளிர்ந்த நீர் தலையில் பட்டதுதான் தாமதம்... ஜோ ஞானத்தாயின் மடியை நன்றாக நனைத்துவிட்டான்!

"ஐயோ அண்ணி, புதுப் புடவை!" என்று பதறினாள் ஆன்சி.

ஃப்ளோரா குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு, கோவில் முழுக்கத் திரும்பிப் பார்க்க, வாய்விட்டுச் சிரித்தாள்.