கிட்ட நின்ற பிள்ளை

ஒஷாவாவைத் தாண்டி வடக்கே திரும்பியதிலிருந்து காருக்குள் பச்சை இறைச்சி மணத்துக்கொண்டிருந்தது. பொரித்த கோழியின் மணம் அல்ல. கோழிப் பெட்டி கணவன் தில்லையம்பலத்தின் மடியில் எண்ணெய் ஊறிக் கிடந்தது, அதன் மணம் வேறு. இது வெட்டி நேரமாகிப்போன, குளிர்ப்பெட்டியில் வைக்க மறந்த இறைச்சியின் மணம். புனிதவதி சீற்றுக்கடியில் குனிந்து பார்த்தாள், பின்னால் இருந்த மகள் சிவானியின் சப்பாத்தைக் கழற்றி முகர்ந்தாள், ஒன்றுமில்லை. கண்ணாடியை இறக்கியபோதுதான் விளங்கியது, மணம் வெளியிலிருந்துதான் வந்தது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சோளம் நின்றது. கண்ணுக்கெட்டிய வரை ஒரு மாடு கூட இல்லை.

"உங்களுக்கு மணக்கேல்லையோ?"

"பண்ணைப் பக்கம் எண்டால் உப்பிடித்தான்," என்றான் தில்லையம்பலம், கோழிக்காலைச் சூப்பியபடி. "கண்ணாடியை ஏத்தும். கமெராவுக்கு ஈரம் கூடாது."

ஏரிக்கரைக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் அவன் இருவரையும் ஏற்றிவந்தான். வெக்ஸ்போர்டில் இருந்து புறப்பட்டுக் கால் மணி நேரத்தில் ஏரி மறந்துபோய்விட்டது. கிழமை நாளில் தொழிற்சாலை, சனி ஞாயிறில் கலியாண வீட்டு வீடியோ, இதுதான் அவன் சீவியம். போன கோடையில் ஒரு சுழல்காற்றை ரீவியில் பார்த்ததிலிருந்து, கலியாணம் இல்லாத சனிக்கிழமைகளில் கருமுகிலுக்குப் பின்னால் கார் ஓடத் தொடங்கியிருந்தான். ஒரே ஒரு சுழல்காற்றைத் தன் கையால் படம் பிடித்துவிட வேண்டுமாம். காலநிலை றேடியோவில் ஒருவன் ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர்களைத் தூக்கக் குரலில் வாசித்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு பெயருக்கும் தில்லையம்பலம் தலையாட்டினான், எண்ணெய் விரல்களை ஒவ்வொன்றாக நக்கினான், வானத்தைப் பார்த்தான், மறுபடி நக்கினான்.

அவன் எண்பத்தாறிலேயே கனடாவுக்கு வந்துவிட்டவன். அவள் தொண்ணூற்றொன்று வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவள். வானத்திலிருந்து என்ன இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். வானத்தைப் பார்த்து வாய் ஊறுகிற மனிதனை அவள் அதுவரை கண்டதில்லை. அருவருப்பாக இருந்தது. கட்டிய கணவனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்ற கூச்சம் கூட வரவில்லை.

மூன்று மணிக்கே வானம் பழுத்த புண்ணின் நிறத்துக்கு வந்துவிட்டது. நடுவில் மஞ்சள், ஓரங்களில் கரும்பச்சை, அங்கங்கே தோல் மெலிந்து வெடிக்கப் போவதுபோல ஒரு மினுக்கம். அவன் சரளைக்கல் போட்ட ஒரு கிரவல் வீதியில் திருப்பி, பள்ளத்தின் ஓரமாகக் காரை நிறுத்தினான். காற்று நின்றுபோயிருந்தது. கமெராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு, திருவிழாவுக்குப் போகிறவன் மாதிரி, சோளத்துக்குள் ஐம்பது அறுபது அடி நடந்தான்.

கண்ணாடியில் முதல் துளிகள் விழுந்தன. அவை ஓடி வழியவில்லை. விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல நீண்டு, நூலாகத் தொங்கின. புனிதவதி பக்கக் கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி ஒரு துளியைத் தொட்டாள். இளஞ்சூடாக இருந்தது. சீலைத் தலைப்பில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், போகவில்லை.

"யக்கி," என்றாள் சிவானி. ஐந்து வயதுக்காரி. "அம்மா, திஸ் இஸ் க்றோஸ். வீட்ட போவம்."

"போவம் குஞ்சு. பெல்ற்றைக் கழட்டக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"ஓகே."

வெளியே மணம் தடிப்பாக இருந்தது, மூச்சோடு தொண்டைக்குள் இறங்கி நாக்கில் படிந்தது. முகிலின் அடிவயிறு வயலுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு நுனி நீண்டது, சுருங்கியது, எதையோ தேடுவதுபோல அங்குமிங்கும் ஆடியது, மறுபடி நீண்டது. தில்லையம்பலம் ஒரு கண்ணைக் கமெராவில் வைத்திருந்தான். மற்றக் கண்ணில் நீர் வடிந்தது.

"பாரும் புனிதா. வடிவாய் இறங்குது."

"பிள்ளை தனியக் காருக்குள்ள இருக்கிறாள். வாங்கோ."

"ரெண்டு நிமிஷம். உது இஞ்சால வராது."

அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். ஈரச் சட்டைக்கடியில் அவன் உடம்பு சந்தோசத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. சீ என்று கையை எடுத்துக்கொண்டாள்.

அப்போது சத்தம் மாறியது. தூரத்து இரைச்சல் தலைக்கு மேல் வந்து வட்டமடிக்கத் தொடங்கியது. பொம்மர் விமானம் குண்டு போடக் குத்தி இறங்குவதற்கு முன் வட்டமடிக்கிற அதே சத்தம். அவளுடைய முழங்கால்களுக்கு அது தெரிந்திருந்தது. திரும்பி ஓடினாள். மண் கண்ணில் அடித்தது, பிய்ந்து பறந்த சோளத் தாள் முகத்தில் அறைந்தது, கார் இருக்க வேண்டிய இடத்தில் தூசிதான் இருந்தது. தூசிக்குள், பள்ளத்தின் விளிம்பில், இடுப்பளவு உயரத்தில் ஓர் உருவம் நின்றது. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியபடி.

பொம்மர் சுற்றுகிறபோது ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கிட்ட நிற்கிற பிள்ளையைத் தூக்கு. யாருடையது என்று பாராதே. பங்கர் குழிக்குள் இறங்கு, மேலே கவிழ்ந்து படு, வாயைப் பொத்து. உன் பிள்ளையை இன்னொருத்தி தூக்கியிருப்பாள். அப்படித்தான் அவள் இருந்த ஒழுங்கையில் ஒருவர் பிள்ளையை ஒருவர் காப்பாற்றினார்கள். புகை அடங்கிய பிறகுதான் முகம் பார்த்து மாற்றிக்கொண்டார்கள்.

புனிதவதி தூக்கினாள். முகம் பார்க்கவில்லை.

பள்ளத்தில் கணுக்காலளவு தண்ணீர், அழுகின புல், தவளை முட்டைகளின் வழுவழுப்பு. பிள்ளையை அடியில் போட்டுக் கவிழ்ந்தாள். கண்ணை இறுக்கி மூடினாள். பழக்கத்தில் கை தானாகவே போய் வாயைப் பொத்தியது.

மேலே வானம் அரைத்தது.

பிள்ளையின் கை குளிர்ந்திருந்தது. பயத்தில் குளிரும்.

முதுகைத் தடவினாள். தோல் விரலோடு கூடவே வந்தது, அவித்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி. சேறு. சேறுதான்.

பாரம் கூடியிருந்தது. நனைந்தால் பாரம்தான்.

அழவில்லை. சிவானி எதற்கும் அழுகிற பிள்ளை.

உள்ளங்கை வாயின் ஓரத்தைத் தேடியது. விரல்களை விரித்தாள். இன்னும் விரித்தாள். கன்னம் வரவில்லை. வாய்தான். அங்கேயும் வாய்தான்.

பிறகு சத்தம் நின்றது. சோளம் மண்ணோடு படுத்திருந்தது. தூரத்தில் ஒரு பண்ணைக் கொட்டிலுக்குக் கூரை இல்லை. எங்கோ ஒரு கண்ணாடியில் சின்னக் கை ஒன்று தட்டிக்கொண்டிருந்தது. புனிதவதி கண்ணைத் திறந்தாள், தலையை மட்டும் உயர்த்தினாள். வீதியில் கார் அப்படியே நின்றது. நான்கு கதவும் சாத்தியிருந்தன. பின் சீற்றில், சொன்ன சொல் கேட்டு, பெல்ற்றோடு, சிவானி இருந்தாள்.

"அம்மா," என்றது கண்ணாடிக்குள் குரல். "ஹூ இஸ் தட்?"

தில்லையம்பலம் கமெராவைத் தோளில் வைத்தபடி, சிரித்துக்கொண்டே பள்ளத்துக்கு வந்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கமெராவுக்குள்ளால்தான் முதலில் பார்த்தான். பிறகு அதைக் கீழே இறக்கி வெறும் கண்ணால் பார்த்தான். முழங்காலில் விழுந்து, தின்றதையெல்லாம் வீதியில் சத்தியெடுத்தான்.

"புனிதா," என்றான் வாயைத் துடைக்காமல். "கையை எடும். குனிஞ்சு பாராதையும். கையை மட்டும் எடும்."

அவள் எடுக்கப் பார்த்தாள். விரல்கள் வரவில்லை. கடிபடவில்லை, நோவில்லை. ஈரமான, சூடான, பல்லில்லாத ஏதோ ஒன்று நான்கு விரல்களையும் அடி வரை உள்ளே வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், பசியாறுகிற குழந்தையின் தாளத்தில் சூப்பிக்கொண்டிருந்தது.

அவள் உடம்பு அவளைக் கேட்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் வற்றிப்போன மார்பு கனத்தது, குத்தியது, இளகியது. சீலைச் சட்டை நனைந்து வயிற்றில் வழிந்தது. கண்ணாடிக்குள் சிவானி தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பால் மணத்திருக்க வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, அவளுடைய கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, தலையை மெல்ல அவள் நெஞ்சுப் பக்கம் திருப்பியது.