ஆசிர் கொடுத்தனுப்பிய பினோ நுவார்

தபீதாள் அந்த வைன் பாட்டிலைச் சேலைத் தலைப்பால் மூடி எடுத்து வந்திருந்தாள். சர்ச்சுக்குப் போகிறவர்கள் யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்ற கூச்சம். கலால் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற சண்முகத்தின் வீடு சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் இருந்தது. பாட்டிலை அவர் மேசைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அது 2010 ஜூன் மாதம்.

“எம் புள்ள ஆசிர் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனான் சார். கூடப் போன குப்பம் ஊர்ப் பையன் சிரஞ்சீவி போன வாரம் திரும்பி வந்துட்டான். ‘ஆசிர் திராட்சத் தோட்டத்துல வேல செஞ்சிக்கினு நல்லா இருக்கான், இத உங்களுக்குக் குடுத்தனுப்பினான்’னு சொல்லி இதக் குடுத்தான். எங்க வூட்ல யாரும் குடிக்கிறதில்ல. அது அவனுக்குத் தெரியாதா? ஈஸ்டருக்குக்கூட போன் வரல. யாருகிட்ட போய்க் கேக்கறதுன்னே தெரியல.”

சண்முகத்தின் அக்கா மகள் யமுனா பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலின் உணவகத்தில் வைன் பரிமாறும் வேலை பார்த்தாள். விடுப்பில் வந்திருந்தவள் ஆசையாகப் பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“பினோ நுவார்ங்கிற சிவப்பு வைன், மாமா. டாஸ்மேனியாவுல விளைஞ்சது. தோல் ரொம்ப மெல்லிசான திராட்சை. வெயில் கூடினா வாசனை போயிடும், மழை கூடினா அழுகிடும். அதனால ஆஸ்திரேலியாவுல குளிர்ச்சியான இடமாப் பார்த்துதான் வளர்ப்பாங்க. மெல்போர்ன் பக்கம் யாரா பள்ளத்தாக்கு, மார்னிங்டன், கடலுக்கு அந்தப் பக்கம் இந்த டாஸ்மேனியா. மத்த சிவப்பு வைன் மாதிரி இருட்டா இருக்காது. கிளாஸ்ல ஊத்தினா அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரியும். செர்ரிப்பழமும் மழை பெஞ்ச மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசனை. பழகினவங்க வேற எதையும் கேக்கவே மாட்டாங்க.”

“அந்தத் தோட்டத்துலதான் எம் புள்ள இருக்கானா?” என்றாள் தபீதாள்.

“அந்தப் பையனையே கேட்டுப் பார்க்கலாம்மா” என்றார் சண்முகம்.

மறுநாள் மூவரும் குப்பம் ஊருக்குப் போனார்கள். ஒரு கிரானைட் பட்டறையில் சிரஞ்சீவி வேலைக்குச் சேர்ந்திருந்தான். சண்முகம் ஆசிரைப் பற்றிக் கேட்கவில்லை. தோட்டத்தைப் பற்றித்தான் கேட்டார்.

“ரெண்டு பேரும் ஒரே தோட்டம் சார். பாட்டில்ல போட்டிருக்கே, அதேதான். மெல்போர்ன்ல ரூம். டெய்லி காலையில பஸ் ஏறினா ஒன் அவர். கிறிஸ்மஸ் லீவுல ஃபுல்லா பழம் பறிச்சோம். ஆசிர் பறிச்சிக்கினே துன்னுவான்.”

யமுனா வாயைத் திறக்கப் போனாள். சண்முகம் கண்ணாலேயே தடுத்தார்.

“பழம் இனிப்பா இருந்ததா?”

“தேன் மாதிரி சார்.”

சண்முகம் குரலை உயர்த்தவில்லை. “டாஸ்மேனியா ஒரு தீவு, தம்பி. மெல்போர்னிலிருந்து அங்கே பஸ் போகாது, நடுவில் கடல். யமுனா, கிறிஸ்மஸுக்கு அந்தக் கொடியில் என்ன இருக்கும்?”

“பட்டாணி மாதிரி பச்சைக் காய், மாமா. வாயில வைக்க முடியாது. அறுவடை மார்ச், ஏப்ரல்லதான்.”

“அப்படியென்றால் நீ அந்தத் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை. குடிக்காத அம்மாவுக்கு ஒரு மகன் வைன் கொடுத்தனுப்பவும் மாட்டான். சொன்ன கதைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஏர்போர்ட்டில் நீயே வாங்கியிருக்கிறாய். இந்தப் பொய்யால் உனக்கு ஒரு லாபமும் இல்லை. அப்படியானால் சொல்லச் சொன்னது ஆசிர்தான்.”

சிரஞ்சீவி ஒரு கல் பலகைமேல் உட்கார்ந்துவிட்டான்.

“சர்ச்சுல வைன் குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், அதான் வாங்கினேன்” என்றான். “நாங்க சேர்ந்த காலேஜ மூடிட்டாங்க சார். ரெண்டு பேருக்கும் விசா போச்சு. நான் டிக்கெட் எடுத்தேன். அவன் ‘எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஊருக்கு வர்றது’ன்னுட்டான். பேப்பர் கேக்காத திராட்சத் தோட்டமாப் பார்த்துப் போறேன்னான். மாட்டிக்குவோம்னு சிம்மைக்கூடத் தூக்கிப் போட்டுட்டான். ‘நல்லா இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லு’ன்னான்.”

“எந்த ஊருக்குப் போறேன்னான்?” என்றாள் தபீதாள்.

“எனக்கும் சொல்லலம்மா.”

தபீதாள் சண்முகத்தின் பக்கம் திரும்பினாள். “அந்த ஊரு போலீஸுக்குச் சொல்லுங்க சார். புடிச்சி அனுப்பட்டும். ஜெயில்ல போட்டாக்கூட அப்புறம் அனுப்பிடுவாங்க இல்ல?”

“எழுதிப் போடுகிறேன்மா. ஆனால் எங்கே தேடச் சொல்வது? அவன் பேரைக்கூட மாற்றிக்கொண்டிருக்கலாம்.”

காட்டுக்குள் மறைத்து வைத்த சாராய அடுப்புகளைத் தேடிப் பிடித்தவர் அவர். பொய்யைக் கண்டுபிடிக்க அவருக்கு அரை நாள் போதுமானதாக இருந்தது. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. யமுனா தலை குனிந்து நின்றாள். நேற்று ருசித்து ருசித்துச் சொன்ன ஊர்ப்பெயர்களில் எதில் வேண்டுமானாலும் அவன் இருக்கலாம்.

கல் அறுக்கும் சத்தம் நின்றபோது தபீதாள் அவளைக் கேட்டாள். “இப்ப அங்க என்ன காலம்மா?”

“குளிர்காலம் ஆன்ட்டி. இலையெல்லாம் உதிர்ந்திருக்கும். கொடிய வெட்டி விடுவாங்க.”

“ரொம்பக் குளிருமா?”

சிரஞ்சீவி தலை நிமிராமல் சொன்னான்.

“என் கோட்ட அவன்கிட்ட குடுத்துட்டுதாம்மா வந்தேன்.”

“தடியான கோட்டா?”

“தடியானதுதாம்மா.”

தபீதாள் மெல்லத் தலையாட்டினாள். அது மெய்யா பொய்யா என்று சண்முகம் அவனைக் கேட்கவில்லை.