நிமிர்ந்த துடுப்பு

மலையோடைக் கரையில் காரை நிறுத்தியபோது காலை மணி ஒன்பது. வெயில் பளிச்சென்றுதான் இருந்தது. மெக்கானிக் மூன்று கயாக் படகுகளையும் காரின் கூரையிலிருந்து இறக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் நான்காவதன் கயிற்றை அவிழ்க்கக் கையை நீட்டினான். அங்கே கயிறும் இல்லை, படகும் இல்லை. நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

நான்காவது படகு, கூட வந்த நண்பன் எலக்ட்ரீஷியனின் மச்சானுடையது. போன வருஷம் இதே ஓடை அவனை விழுங்கியது. உடலைத் திருப்பிக் கொடுத்தது. அவனுடைய மஞ்சள் துடுப்பைக் கொடுக்கவில்லை.

அவன் மனைவி, அதாவது எலக்ட்ரீஷியனின் தங்கை, இன்று பிடிவாதமாக வந்திருந்தாள். நீலத் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "அவர் முடிக்காத ஓடைய நான் முடிச்சிட்டு வரேண்ணா. அப்புறம் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்" என்றாள்.

செங்குத்தான ஓடையில் பேச்சுக்கு வேலையில்லை. அருவி இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அருவியில் படகோடு முதலில் குதித்தவர்களில் ஒருவன் கீழே பாறையில் ஏறி, தண்ணீரை நன்றாகப் பார்த்துவிட்டு, துடுப்பால் சொல்ல வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் 'வழி சரி, வா'. தலைக்கு மேல் குறுக்கே பிடித்தால் 'நில்'. மேலே இருப்பவரின் உயிர் அந்தத் துடுப்பில்தான் இருக்கிறது.

போன வருஷம் பாறையில் நின்றவன் எலக்ட்ரீஷியன். அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. குளிரில் விரல் விறைத்துப்போய், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று துடுப்பை நிமிர்த்திவிட்டான். அவன் குதித்த பிறகு தண்ணீர் அடித்து வந்த ஒரு மரம் அருவியின் அடியில் சிக்கிக் கிடந்தது. அதன் கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போகும். ஆள் போக முடியாது.

"நான் தூக்கவே இல்ல. அவன்தான் அவசரப்பட்டுட்டான்" என்றான் பிறகு.

தங்கை நம்பினாள். ஒரு வருஷமாகச் செத்த புருஷனைத் திட்டித் திட்டி அழுதாள். அண்ணன்காரன் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லுளிமங்கன்போல, தலையாட்டிக்கொண்டிருந்தான். இவனையெல்லாம் என்ன சொல்வது!

பாதி வழியில் அமைதியான ஒரு மடு. அங்கே தலை எண்ணுவது வழக்கம். முன்னால் இருந்த மெக்கானிக் திரும்பி எண்ணிவிட்டு, நான்கு விரல் காட்டினான்.

"மூணுடா, மடையா" என்றான் எலக்ட்ரீஷியன்.

மெக்கானிக் மறுபடி எண்ணினான். சிரிக்கவில்லை. "உன் பின்னாடி ஒருத்தன் இருந்த மாதிரி இருந்துச்சு" என்றான் மெதுவாக.

எலக்ட்ரீஷியன் திரும்பிப் பார்க்கவில்லை. நாள்பட்ட ஈரத்துணியின் வாடை மட்டும் கழுத்தருகே வந்து நின்றது.

கடைசி அருவி. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். உள்ளே வந்தவருக்குத் தண்ணீரோடு போவதைத் தவிர வெளியேற வேறு வழி கிடையாது. மெக்கானிக் முதலில் குதித்து, மீட்புக் கயிற்றோடு சற்றுக் கீழே போய்க் காத்திருந்தான். அடுத்து எலக்ட்ரீஷியன் குதித்து, அதே பாறையில் ஏறினான். காய்ந்த பாறையில் ஏற்கெனவே இரண்டு ஈரப் பாதங்களின் தடம் இருந்தது. நடந்து வந்த தடம் இல்லை. நின்ற தடம் மட்டும்.

இந்த முறை அவன் தண்ணீரைப் பார்த்தான்.

நுரைதான் இருந்தது. பிறகு நுரைக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று மெல்ல எழும்பியது. மரம். மச்சானின் உடலை எடுக்க ரம்பத்தால் அறுத்த வெட்டு, மேல்பக்கமாகத் திரும்பியிருந்தது.

தன் சிவப்புத் துடுப்பைத் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தான். தோள் இற்றுப்போகப் பிடித்தான். கேட்காது என்று தெரிந்தும், "வராத! வராதம்மா!" என்று அலறினான்.

தங்கை அருவியின் விளிம்பில் படகை நிறுத்திப் பார்த்தாள்.

அவனை அல்ல.

அவனுக்கு ஒரு கை தூரம் தள்ளிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. ஒரு வருஷமாக அவன் காணாத சிரிப்பு அது.

வந்துவிட்டாள்.

படகு கவிழ்ந்து, காலியாக மரத்தின் மேலேறி மறுபக்கம் விழுந்தது. கிளைகளுக்கிடையே ஒரு கை மேலெழுந்தது. எலக்ட்ரீஷியன் பாய்ந்து பிடித்தான். அவள் விரல்கள் அவனை இறுகப் பற்றின. இழுத்தான். கீழேயிருந்தும் யாரோ இழுத்தார்கள், துளி அவசரம் இல்லாமல்.

கையுறை மட்டும் அவன் கையோடு வந்தது.

பாறை இடுக்கில் தவழ்ந்து வந்த மெக்கானிக் அவன் சட்டையைப் பிடித்து, காதருகே கத்தினான். "மரம் கெடக்குதே, கண்ணு அவிஞ்சா போச்சு? ஏன்டா தூக்கின?"

"நான் தூக்கவே இல்ல."

"நானே பாத்தேன்டா! நிமிர்ந்து நின்னுச்சு, மஞ்சத் துடுப்பு…"

அவன் கண் எலக்ட்ரீஷியனின் சிவப்புத் துடுப்பில் விழுந்தது. பிடி தளர்ந்தது.

"போன வருஷமும் இதையேதான் சொன்ன" என்றான். பிறகு பின்னாலேயே நகர்ந்து, தன் படகில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

எலக்ட்ரீஷியன் கையுறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை அங்கேயே அழுதான். இனி அங்கே இருந்தால் குளிரே கொன்றுவிடும். படகில் உட்கார்ந்து, வழி எப்படி என்று கீழே திருப்பத்தைப் பார்த்தான்.

அங்கே பாறைமேல் ஆள் யாரும் இல்லை. ஒரு மஞ்சள் துடுப்பும் ஒரு நீலத் துடுப்பும், பக்கத்தில் பக்கத்தில், நிமிர்ந்து நின்றன.