மோட்டார் அறையைச் சுற்றி வரும் பந்து

அண்ணன் ஊரில் இருந்தவரை, சுண்டுவின் மாலை நேரமெல்லாம் மோட்டார் அறைக்குப் பின்னால்தான் கழிந்தது.

சுண்டு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்று அண்ணன் வைத்தது. அவளுக்குப் பத்து வயது ஆன பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது.

அவர்களுடைய வீடு ஒரு கோல்ஃப் பயிற்சித் திடலை ஒட்டி இருந்தது. திடலில் நாள் முழுக்க யாராவது நீண்ட மட்டையால் சின்ன வெள்ளைப் பந்துகளை அடித்துக்கொண்டே இருப்பார்கள். சிதறிக் கிடக்கும் அந்தப் பந்துகளை ஒரு வண்டியில் சுற்றிச் சுற்றி வாரிக்கொண்டு வருவதுதான் அப்பாவின் வேலை. வெட்டுப்பட்ட பந்து, மேல்தோல் உரிந்த பந்து எல்லாம் ஒரு வாளியில் வீட்டுக்கு வந்து சேரும். யாரோ தூக்கிப்போட்ட இரும்பு மட்டை ஒன்றை அப்பா அறுத்துக் குட்டையாக்கி, சைக்கிள் கைப்பிடி உறையை அதில் மாட்டிக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் காலி இடம். அதன் நடுவில் மோட்டார் அறை. அறையின் தலைமேல் பெரிய தண்ணீர்த் தொட்டி. அறைக்கு அந்தப் பக்கம், தரையில் ஒரு பழைய டிராக்டர் டயர் கிடந்தது.

அண்ணன் இந்தப் பக்கம் நின்று அடிப்பான். பந்து அறையைச் சுற்றிப் போய் டயருக்குள் விழ வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

"சுத்திப் போறதுக்குப் பந்துக்கு என்ன ஸ்டியரிங்கா இருக்கு?" என்று அம்மா கேட்பாள்.

ஆனால் போகும். சில நாள் வலப்பக்கமாகக் கிளம்பி, இடப்பக்கமாக வளைந்து வரும். சில நாள் இடப்பக்கமாகக் கிளம்பி, வலப்பக்கமாக வளைந்து வரும். எந்தப் பக்கம் வரும் என்பது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

சுண்டுவின் வேலை, அறையின் பின்சுவரை ஒட்டி ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பது. அண்ணனுக்கு டயர் தெரியாது. அறை மறைத்துவிடும். அதனால் அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"எங்கே இருக்கே?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"இங்கே இருக்கேன்!"

டக் என்று ஒரு சத்தம். பிறகு மூலையைத் தாண்டிப் பந்து வரும்.

"உள்ளே!" என்று சுண்டு கத்துவாள். இல்லாவிட்டால், "வெளியே! நாலடி!" இல்லாவிட்டால், "பக்கத்து வீட்டுத் தையல் அக்கா துணிக்கொடியில!"

இருட்டும்வரை இப்படியே போகும். அம்மா மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் இருவரும் வீட்டுக்குள் போவார்கள்.

இப்போது அண்ணன் மேல்படிப்புக்காக வெளியூர் போய்விட்டான். மட்டை கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. வாளியில் அம்மா துணி ஊறவைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான்.

"சுண்டு, நம்ம பந்தைப் பத்தி விடுதியில சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். வளைஞ்சு வரும்போது எப்படி இருக்கும்னு கேக்குறானுங்க. எனக்கு எப்படித் தெரியும்? அடிச்ச உடனே செவுரு மறைச்சிடுது. நீதானே பார்த்தே. சொல்லேன்."

சுண்டு யோசித்தாள். "அது வந்து... நம்ம பூனையைக் கூப்பிட்டா, காதே கேக்காத மாதிரி முதல்ல வேற பக்கமா நடக்கும்ல? அப்புறம் மெதுவா நம்ம பக்கம் திரும்பும்ல? அப்படி."

அண்ணன் சிரித்தான்.

"அஞ்சு வருஷம் அடிச்சிருக்கேன்டி. ஒரே ஒரு தடவை உன் இடத்துல உட்கார்ந்து பார்த்திருக்கலாம்."

அன்று மாலையே அப்பா ஒரு சேதியோடு வந்தார். "குழாய்த் தண்ணி வந்தாச்சுல்ல? அடுத்த மாசம் மோட்டார் ரூமை இடிக்கப் போறாங்களாம்."

"அண்ணன் எப்பப்பா வருவான்?"

"இந்த மாசக் கடைசி ஞாயிறு. ஒரே நாள்தான் லீவாம்."

சுண்டு விரல்விட்டு எண்ணினாள். இன்னும் மூன்று வாரம். அந்த ஒரு நாளை விட்டால், பந்து வளைந்து வருவதை அண்ணன் பார்க்கவே முடியாது. சரி, அவன் வாளியில் உட்கார்ந்தால், பந்தை யார் அடிப்பது?

"அப்பா, உங்களுக்குப் பந்தை வளைச்சு அடிக்கத் தெரியுமா?"

"எனக்கா? எனக்கு வாரத்தான் தெரியும்மா."

மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் சுண்டு மட்டையை எடுத்தாள்.

முதல் பந்து நேராகப் போய்ச் சுவரில் மோதியது. இரண்டாவது தொட்டியில் 'ணங்'. மூன்றாவதை வளைக்கலாம் என்று மணிக்கட்டை ஒரு முறுக்கு முறுக்கினாள். பந்து வளையவில்லை. பக்கத்து வீட்டுத் தையல் அக்காவின் கொடியில் போய் விழுந்தது.

"ஏய் சுண்டு! பட்டன் வைக்கணும்னு சட்டையைக் காயப்போட்டா, நீ பந்து வைக்கிறியா?"

"சாரிக்கா!"

"அளவு பார்த்து வை. காலர்ல வெச்சிருக்கே!"

சுண்டுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அண்ணன் அடித்த பந்துகள் வந்து விழுந்ததை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அவன் அடித்ததை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை! அவளுக்கும்தான் அறை மறைத்திருந்தது.

தலை குனிந்தபோதுதான் அதைக் கவனித்தாள். புல்லில் இரண்டு வழுக்கைகள். அண்ணனின் கால்கள் நின்று நின்று தேய்த்த இடம். கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு. மொத்தம் இரண்டு ஜோடி. ஓரங்களில் புதுப் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் மூடிவிடும்.

சுண்டு ஓடிப்போய் ஒரு செங்கல் துண்டை எடுத்து வந்தாள். நான்கு வழுக்கைகளைச் சுற்றியும் கோடு போட்டாள். பிறகு முதல் ஜோடியில் ஏறி நின்றாள். அவள் பாதத்தைச் சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது.

அங்கே நின்றால் உடம்பு அறையை நோக்கி இல்லை. அங்கிருந்து அடித்தால் பந்து அறைக்கு நன்றாக வலப்பக்கம் போகிற மாதிரி இருந்தது. இரண்டாவது ஜோடியில் நின்றாள். அது இடப்பக்கம் காட்டியது.

'ஓ, அறையைப் பார்த்து அடிக்கவே கூடாதா?'

வலப்பக்க ஜோடியில் நின்று அடித்தாள். பந்து வலப்பக்கமாகக் கிளம்பியது. அப்படியே போனது. போய்க்கொண்டே இருந்தது. வளையவே இல்லை. மூன்று நாள் அடித்தாள். மூன்று நாளும் பந்துகள் வரிசையாகக் காலி இடத்தின் ஓரத்துச் சாக்கடைக்குள் இறங்கின.

நான்காம் நாள் மட்டையைப் போட்டுவிட்டுக் குழாயடியில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சுண்டு! எங்கே இருக்கே?" என்று அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"இங்கே இருக்கேன்மா!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கால் குழாயைப் பார்த்து இருந்தது. உடம்பும் குழாயைப் பார்த்து இருந்தது. முகம் மட்டும் அம்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பியிருந்தது.

'எங்கே இருக்கே?' என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்டானே, அது எதற்கு? அவள் பத்திரமாக இருக்கிறாளா என்று பார்க்கத்தான் என நினைத்திருந்தாள். அதற்கு மட்டும் இல்லை! குரல் வரும் திசையை வைத்து, மட்டையின் முகத்தை, அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கத்தை, திருப்பியிருக்கிறான். கால் ஒரு பக்கம். மட்டையின் முகம் இன்னொரு பக்கம்.

குடம் நிரம்பி வழிந்தது. சுண்டு அதைப் பார்க்கவில்லை.

ஆனால் இப்போது அறைக்குப் பின்னால் குரல் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அப்பாவின் சின்ன ரேடியோ ஞாபகத்துக்கு வந்தது. அதைக் கொண்டுபோய் டயரின் விளிம்பில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தாள். ஒருவர் கணீரென்று செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

வலப்பக்க ஜோடியில் கால். மட்டையின் முகம் செய்திக்காரரை நோக்கி. கால் காட்டும் வழியிலேயே மட்டையை வீசினாள்.

'ணங்'. பந்து அறையின் மூலையில் பட்டுத் தெறித்தது.

முகத்தை ரொம்பத் திருப்பிவிட்டோமோ? இந்த முறை காலுக்கும் குரலுக்கும் நடுவில் நிறுத்தினாள். கைகளை முறுக்காமல் வீசினாள்.

பந்து வலப்பக்கமாகக் கிளம்பியது. அறையின் மூலையை உரசுகிற மாதிரி தாண்டியது. மறைந்தது.

"...நாளை பல இடங்களில் லேசான மழை பெய்யக்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் செய்திக்காரர்.

டொக்!

பிறகு செய்தி இல்லை.

சுண்டு ஓடினாள். ரேடியோ டயருக்குள் மல்லாந்து கிடந்தது. பக்கத்திலேயே பந்து. அவள் துள்ளிக் குதித்தாள். இரண்டாவது குதியில்தான் அது அப்பாவின் ரேடியோ என்பது உறைத்தது.

சாப்பாட்டு நேரத்தில் அப்பா ரேடியோவைக் குலுக்கிக்கொண்டிருந்தார். "எங்கே திருப்பினாலும் பாட்டுத்தான் வருது. செய்தியே வரலையே?"

"நான்தான்பா," என்றாள் சுண்டு. சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பந்து பட்டுடுச்சு. ரேடியோ அறைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பந்து வளைஞ்சு வந்து..."

"வளைஞ்சா?" அப்பா ரேடியோவைக் கீழே வைத்துவிட்டார். "எந்தப் பக்கமா?"

அதன் பிறகு செய்தி கேட்காமலேயே அப்பா நாட்களைத் தள்ளினார். பாட்டு ரேடியோ தினமும் பின்சுவரை ஒட்டிப் பத்திரமாக உட்கார்ந்து பாடியது. சுண்டு இடப்பக்க ஜோடியிலும் நின்று பழகினாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. பத்துப் பந்து அடித்தால் நான்கு வளைந்தன. அம்மா எண்ணிச் சொன்ன கணக்கு அது. நான்கு நல்ல கணக்கா, மோசமான கணக்கா என்று சுண்டுவுக்குத் தெரியவில்லை.

கடைசி ஞாயிறு வந்தது. அண்ணனும் வந்தான். உயரமாகியிருந்தான். மீசை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

காபியைக் குடித்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனான். மோட்டார் அறையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மட்டைக்குக் கை நீட்டினான். சுண்டு அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நீ அந்தப் பக்கம் போண்ணா."

"எந்தப் பக்கம்?"

"என் இடத்துக்கு. வாளி போட்டு வெச்சிருக்கேன்."

"அப்ப அடிக்கிறது யாரு?"

"அடிக்கிறவங்க அடிப்பாங்க. நீ போ."

அண்ணன் அவளையும் தரையில் இருந்த செங்கல் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அறைக்கு அந்தப் பக்கம் போனான்.

சுண்டு வலப்பக்க ஜோடியில் கால் வைத்தாள்.

"எங்கே இருக்கே?"

"இங்கே இருக்கேன்!" அண்ணனின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

அடித்தாள். 'ணங்'.

"செவுரு நல்லா இருக்கு!" என்று அண்ணன் கத்தினான். "நம்மளே இடிச்சிடலாம் போலிருக்கு!"

"சும்மா இரு!" சுண்டு உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். இன்னொரு பந்தை வைத்தாள். கால், முகம், மூச்சு. மட்டையை வீசினாள்.

பந்து வலப்பக்கமாகக் கிளம்பி, மூலையைத் தாண்டி மறைந்தது.

காத்திருந்தாள். 'உள்ளே' என்று வரவில்லை. 'வெளியே' என்றும் வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

பயந்துபோய் ஓடினாள்.

அண்ணன் வாளியிலிருந்து எழுந்து நின்றிருந்தான். டயரைப் பார்க்கவில்லை. காலியான காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கேண்ணா விழுந்துச்சு?"

"தெரியலை."

"தெரியலையா? கத்தணும்ல! அதுதானே இங்கே வேலை?"

"வந்ததைப் பார்த்தேன் சுண்டு." கையை நீட்டிக் காற்றில் மெதுவாக ஒரு வளைவு போட்டான். அது போதவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை போட்டான். "விழுந்ததைப் பார்க்க மறந்துட்டேன்."

இருவரும் தேடினார்கள். பந்து டயருக்குள் இல்லை. வெளியிலும் கண்ணில் படவில்லை.

"போனாப் போகுது. இன்னொண்ணு அடி," என்று அண்ணன் மறுபடி வாளியில் உட்கார்ந்தான். "இதே பக்கம்தானே வரும்?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன்."

சுண்டு திரும்பி நடந்தாள். அறைக்கு அந்தப் பக்கம் வாளி கிரீச் கிரீச்சென்று அசையும் சத்தம் கேட்டது. அண்ணன் ஒரு தடவை இந்த மூலையையும், ஒரு தடவை அந்த மூலையையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று, பார்க்காமலேயே அவளுக்குத் தெரிந்தது.