முப்பத்தேழு டிகிரி

சாவி யுவராஜின் கையில் இருந்தது. என்ஜினை அணைத்து அரை மணி நேரமாகியும், ஆயில் பிரஷர் காட்டும் முள் மட்டும் பூஜ்யத்தில் நிற்காமல் மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

மீட்டர் மண்டையைப் போட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் அதற்குக் கரண்டே வேண்டாம். மெல்லிய செம்புக்குழாய் வழியாக ஆயில் நேராக அதற்குள் வரும். என்ஜினுக்குள் அழுத்தம் இருந்தால்தான் முள் அசையும். பக்கத்தில் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர். நூற்றுப் பத்திலிருந்து விறுவிறுவென்று இறங்கியது, முப்பத்தேழுக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இந்தக் குளிரில் அது இன்னும் இறங்கியிருக்க வேண்டும்.

கொல்லிமலை ரோட்டில் ஐம்பத்திரண்டாவது வளைவு. விடிந்தும் விடியாத நேரம். பனிமூட்டம் பானெட்டைப் பாதி விழுங்கியிருந்தது. காய்ந்த ரப்பர் வாடையும் ஈரமண் வாடையும் கலந்து வந்தன, எங்கோ இலையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் காலடி மாதிரியே கேட்டது. தனபாலின் காலடியாக இருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு சொட்டுக்கும் மனது அடித்துக்கொண்டது.

தனபால் சேந்தமங்கலத்தில் பட்டறை வைத்திருப்பவன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. அடுத்த மாதம் பந்தயம்; இந்தப் பழைய காருக்கு டர்போ மாட்டியதே அவன்தான். இன்று கீழேயிருந்து கிளம்பும்போதுகூடச் சொன்னான்:

"லெப்ட் வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிக்கும் மாப்ள. முள்ளு எவ்ளோ எறங்குதுன்னு பாரு. நான் முன்னாலயே போயி நாப்பத்தொண்ணுல நின்னு சத்தத்தக் கேட்டுக்கறேன்."

"ரோட்டப் பாக்க வேண்டாமாடா?"

"இந்நேரத்துக்கு எவன் வரப்போறான்?"

நாற்பத்தொன்றாவது வளைவில் முள் சட்டென்று விழுந்தது. யுவராஜின் கண் அதையே பார்த்தது. அப்போதுதான் முன்னால் டொப்பென்று ஒரு சத்தம். கல்லாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறி வந்துவிட்டான். ஓடிய டர்போ வண்டியை உடனே அணைத்தால் வீணாகிவிடும். அதனால் ஓரமாக நிறுத்தி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஒழுங்காக அணைத்தான். வெட்கங்கெட்டவன். இறங்கி வண்டியின் முன்பக்கத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

முள் ஏறியது. இறங்கியது. ஏறியது.

தன் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தான். அவனுடைய நாடி குதித்துக்கொண்டிருந்தது. முள்ளின் துடிப்பு அது இல்லை. முள்ளுடையது நிதானமானது, களைத்தது.

"தனபாலு?" என்றான், மீட்டரைப் பார்த்து.

முள் படபடவென்று அடித்தது.

உயிர் இருக்கிறது. அங்கே ரோட்டோரம் கிடக்கிறான். உயிரோடு.

சூட்டு மீட்டர் உடம்புச் சூட்டுக்குக் கீழே இறங்கியது. முப்பத்தாறு. முப்பத்தைந்து.

நடந்தால் முக்கால் மணி. வண்டியில் ஆறு நிமிடம். சாவியைத் திருகினான். ஸ்டார்ட்டர் சுற்றிய அதே நொடியில், கீழே பனிக்குள்ளிருந்து ஒரு அலறல் கிளம்பியது. மனிதக் குரல். தெரிந்த குரல்.

கை தானாக விலகியது. என்ஜின் நின்றது. அலறலும் நின்றது.

முள் லேசாக அசைந்தது. முப்பத்து நான்கு.

"பொறுத்துக்கடா. வாரேன். வந்துட்டேன் சாமி."

மறுபடி திருகினான். என்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டியைக் கீழே பார்க்கத் திருப்பினான். காலை எடுத்தால் முனகல். மிதித்தால் அலறல். அழுதுகொண்டே மிதித்தான்.

ஐம்பத்தொன்றாவது வளைவு வந்தது. இன்னும் பத்து இருந்தன.